உச்சி நிழல் ஒப்பந்தம்

வாசலில் நிற்கும் வாதாம் மரத்தை வெட்டவே மாட்டேன் என்று மனைவியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். வெட்ட மாட்டேன் என்றுதான் சொன்னேன். அதுவாகவே பட்டுப்போனால் நான் என்ன செய்ய முடியும்?

பழைய கதவு, ஜன்னல் வாங்கி விற்பது என் தொழில். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் வெளியே தள்ளியது. மிச்சப் பாடத்தைத் தெரு அடித்துச் சொல்லிக்கொடுத்தது. வீட்டை இடிக்கிறவன் கண்ணீரோடு காட்டுகிற தேக்குக் கதவை, அவன் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டே பாதி விலைக்குப் பேசி முடிப்பேன். இந்த வட்டாரத்தில் பேரத்தில் என்னை ஜெயித்த ஆண்பிள்ளை கிடையாது. பெண்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டைக் கொஞ்சம் இழுத்துக் கட்ட ஆரம்பித்திருந்தோம். பின்பக்கம் அவளுக்குப் பெரிய சமையலறை. முன்பக்கம் எனக்கு ஓர் அறை. எனக்கே எனக்கு! இப்போது போனில் ஒருத்தனை நிம்மதியாகத் திட்ட முடிகிறதா? நான் வாயைத் திறந்தாலே ஹாலிலிருந்து "மெதுவா" என்று ஒரு குரல். கோபம் பாதியில் நின்று விக்கல் எடுக்கிறது. மனுஷன் கத்துவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

அந்த இடத்தில்தான் மரம் கிளைகளை அடுக்கடுக்காக விரித்துக்கொண்டு நின்றது, வாடகை கொடுக்காத மாமனார் மாதிரி.

வேர்மேல் ஒரு லோடு ஜல்லியைக் கொட்டி, லாரியை நாலு தடவை ஏற்றி இறக்கினால் மண் இறுகி, எப்பேர்ப்பட்ட மரமும் மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். கொத்தனார்தான் சொன்னார். நான் அப்படிச் செய்துவிடக் கூடாதே என்று சொன்னார். நான் அப்படியே செய்வதற்காகக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் லாரி வந்தது. "வா, வா, இன்னும் வா" என்று கையை ஆட்டி அதை மரத்தடியை நோக்கிப் பின்பக்கமாக வரவழைத்தேன். டிரைவர் பட்டென்று பிரேக் போட்டார்.

"என்னப்பா நிறுத்திட்ட?"

"அம்மா உக்காந்திருக்காங்க, ஐயா."

திரும்பினேன். மரத்தடியில் பாயை விரித்து, என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. ஜல்லி கொட்டணும்."

"கொட்டச் சொல்லுங்க. நான் பாட்டுக்கு உரிக்கிறேன்."

"உன் மேலயா கொட்டறது?"

"மரத்து மேல கொட்டலாம், என் மேல கொட்டக் கூடாதா? ரெண்டு பேருமே வாயில்லா ஜீவன்தானே."

இவளா வாயில்லா ஜீவன்! கொத்தனார் அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு சிரித்தது.

"இப்ப என்னதான் வேணும் உனக்கு?" என்று கத்தினேன்.

"மரத்தைச் சுத்தி ஒரு வேலி. வேலிக்குள்ள லாரி, ஜல்லி, தோண்டறது, கட்டறது ஒண்ணும் கிடையாது. வேலிக்கு வெளிய உங்க இஷ்டம். நான் வாயே திறக்க மாட்டேன்."

நல்ல பேரமாகத் தெரிந்தது. "எவ்வளவு தூரத்துக்கு வேலி?"

"நிழல் விழற வரைக்கும்."

பார்த்தேன். சாயங்கால வெயிலில் மரத்து நிழல் வாசலைத் தாண்டி, காம்பவுண்டு சுவர் ஏறி, எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணிவரைக்கும் போயிருந்தது.

"ஏன், எதிர்வீட்டுக்காரர் பனியனையும் சேத்து வேலி போடறதுதானே!"

"அப்ப நீங்களே ஒரு கணக்கு சொல்லுங்க."

"அடிமரத்துல இருந்து ஒரு முழம்."

"ஒரு முழத்துக்கு வேலி எதுக்குங்க? நாடா போட்டு ஒரு பாவாடை கட்டி விட்டுடலாம். சரி, காலை பத்து மணி நிழல். அதுக்குக் கீழ கட்டாது."

ஆஹா, இறங்குகிறாள்! எதிராளி இறங்க ஆரம்பித்தால் மூச்சுவிட நேரம் கொடுக்கக் கூடாது. உச்சி வெயிலில் கதவைச் சுமந்து தெருத் தெருவாய் அலைந்தவன் நான். அந்த நேரத்தில் நிழல் காலடியை விட்டு எட்டிக்கூடப் பார்க்காது என்பது எனக்குத் தெரியாதா?

"உச்சி நிழல்! வெயில் நடுமண்டையில அடிக்கும்போது நிழல் எங்க நிக்குதோ அங்க வேலி. ஒரு விரல்கடை கூடத் தரமாட்டேன்!"

"ஐயோ, ரொம்ப அநியாயங்க."

"இஷ்டம்னா பாரு. இல்லன்னா, டிரைவர், கொட்டுய்யா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடியில் வெங்காயம் இருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"சரி. பேச்சு மாறக் கூடாது."

"நான் பேசினா பேசினதுதான். கொத்தனாரே, நீங்க சாட்சி!"

கொத்தனார் என்னை ஏனோ பரிதாபமாகப் பார்த்தார். ஜல்லியைத் தெருவோரம் இறக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஜெயித்தவனாகத் தூங்கினேன்.

மறுநாள் உச்சி வேளை. கொத்தனார் சுண்ணாம்புத் தூளோடு வந்து, குனிந்து கோடு போட ஆரம்பித்தார். அடிமரத்தில் ஆரம்பிப்பார் என்று பார்த்தால், எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

"யோவ், எங்கய்யா போறீரு?"

"நிழல் போற வழிக்குத்தான் போறேன், ஐயா."

என் காலடியைப் பார்த்தேன். என் நிழல் காலுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது. சந்தேகம் வந்து கைகளை இரண்டு பக்கமும் நீட்டினேன். கீழே நிழலும் கைகளை நீட்டியது. மேலே நிமிர்ந்தேன். மரம் பிறந்ததிலிருந்தே கைகளை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

சுண்ணாம்புக் கோடு என் அறையை அப்படியே விழுங்கி, வாசற்படிக்குப் பக்கத்தில் வந்து ஏப்பம் விட்டது.

"இவ்வளவா கேக்குது ஒரு மரம்?"

"கிளை நுனி எதுவரைக்கும் போகுதோ, அதுவரைக்கும் கீழ மண்ணைத் தொடாம விட்டா மரம் பொழச்சுக்கும்னு, உங்ககிட்ட ஜல்லி விஷயம் சொன்ன அன்னிக்கே அம்மாகிட்டயும் சொன்னேன், ஐயா. உச்சி நிழலும் அதுவும் ஒண்ணுதான்."

அவள் பக்கம் திரும்பினேன். "அப்ப எதுக்குடி சாயங்கால நிழல் கேட்ட?"

"நீங்க குறைக்க வேணாமா? குறைச்சாத்தானே உங்களுக்கு வாங்கின மாதிரி இருக்கும்."

பேச்சை மாற்றிவிடலாம். ஆனால் கொத்தனார் போகாத வீடு கிடையாது. வாக்கு மாறினவன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், நாளைக்கு எவன் எனக்குக் கதவு கொடுப்பான்?

"என் ரூம்?" என்றேன். இந்தத் தடவை யாரும் "மெதுவா" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேலிக்கு வெளிய உங்க இஷ்டம்னு சொல்லிட்டேனேங்க. தாராளமா கட்டிக்கோங்க."

வேலிக்கு வெளியே பார்த்தேன். செருப்பு விடுகிற இடமும், அதைத் தாண்டித் தெருவும் இருந்தன.