எட்டாவது அறையில் இருமியவர்

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத அண்ணனுக்கு,

உன் தங்கை பணிவோடு எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்பது நேற்று போனில் போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அண்ணியின் முட்டிவலி தேவலையா? தைலத்தைத் தேய்த்த கையோடு கண்ணைத் துடைக்க வேண்டாம் என்று சொல். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"பெயிலாயிட்டியாமே, படிச்சது போதும், திங்கக்கிழமையிலேருந்து ஒழுங்கா முழு நாளும் கடைக்கு வந்து நில்லு" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். நான் வர மாட்டேன். இருபத்திரண்டு வருடம் உன் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றாயிற்று. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற ஃபார்மசி பட்டம் என்னுடையது, அதற்குக் கீழே நாற்காலியில் சாய்ந்திருப்பது நீ. இத்தனை நாள் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை, இன்றைக்குத் திறக்கிறேன். எனக்கு ஆஸ்பத்திரி வார்டில் வேலை வேண்டும். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவர் விழுங்குகிற மாத்திரைகள் உள்ளே போய் ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்கு வெறும் பட்டம் போதாது, பட்டத்துக்கு மேல் ஒரு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறார்கள். வாங்கிக் காட்டுகிறேன். ஐம்பத்தொரு வயசுல இது தேவையா என்று கேட்டாய். ஐம்பத்தொரு வயசுலதான் தேவை.

படிப்பு சுலபம் என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் நடந்த முதல் வகுப்பிலேயே மைக்கை அணைக்கத் தெரியாமல், ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காக உன் மாப்பிள்ளையை நான் கிழி கிழியென்று கிழித்ததை நாற்பது பேரும் கேட்டார்கள், ஆசிரியை மட்டும் "மேடம், நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா மைக்கைக் கொஞ்சம் அணைச்சிடுங்க" என்றார், அது போகட்டும், மருந்தைக் கொடுக்கும் முன் பெயரையும் வயதையும் நோயாளி வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்று அடுத்த பாடம், அதை வீட்டில் பழகலாம் என்று மாப்பிள்ளைக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் "உங்க பேரும் வயசும் சொல்லுங்க" என்று கேட்டேன், இரண்டு நாள் சொன்னார், மூன்றாம் நாள் "இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்துறே, இன்னுமா சந்தேகம்?" என்று மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் பெண் இப்போது தும்மல் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறாள். கீழே தும்மினால் எத்தனை நாளாக, எந்த வேளையில் என்று நான் ஆரம்பித்துவிடுகிறேனாம்.

இனி நான் பெயிலான கதை. மாப்பிள்ளை உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். தேர்வுக்கு எட்டு அறை. அறைக்கு ஒருவர் நோயாளியாக நடிக்க உட்கார்ந்திருப்பார், என்ன நோய், என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருப்பார். மூலையில் தேர்வாளர். எட்டு நிமிடத்தில் மணி அடிக்கும், அடுத்த அறைக்கு ஓட வேண்டும். ஏழு அறைகளைப் பிரமாதமாக முடித்துவிட்டேன். எட்டாவதில் ஒரு பெரியவர், கையில் புது இன்ஹேலர். "எனக்கு ஆஸ்துமாங்க, இதை எப்படி இழுக்கணும்னு தெரியல" என்று ஒப்பித்தார். ஒப்பித்துவிட்டு இருமினார். வறட்டு இருமல். கவுண்டரில் மருந்துச் சீட்டை வாங்கும் முன் ஆளைப் பார்த்துப் பழகியவள் நான், நடிக்கிற இருமல் எது, நிஜ இருமல் எது என்று எனக்குத் தெரியாதா?

"எத்தனை நாளா இந்த இருமல்?"

"அது எனக்குக் குடுத்த பேப்பர்ல இல்லைங்க."

"பேப்பரை விடுங்க. உங்க இருமலைக் கேக்கறேன்."

அவர் மூலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணு மாசமா இருக்குங்க. சிரப்பா குடிச்சுத் தள்ளிட்டேன், நிக்க மாட்டேங்குது."

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

சட்டைப்பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். பார்த்ததுமே சந்தேகம் விழுந்தது. அந்த மாத்திரை சிலருக்கு இப்படித்தான் இருமலைக் கிளப்பும். "நீங்களா நிறுத்திடாதீங்க, இன்னிக்கே டாக்டர்கிட்ட இந்த அட்டையைக் காட்டி இருமலைச் சொல்லுங்க, தேவைன்னா மாத்திக் குடுப்பார்" என்று சொல்லி ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். மணி அடித்தது. இன்ஹேலரின் மூடியைக்கூட நான் கழற்றவில்லை.

'கொடுக்கப்பட்ட நோயாளியைக் கவனிக்கவில்லை' என்று எழுதிவிட்டார் தேர்வாளர். ஒரு அறை போனாலும் பெயில்தான். எதிரே உட்கார்ந்து இருமுகிற மனுஷனை விட்டுவிட்டு, பேப்பரில் இருக்கிறவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமாம். வருகிற வியாழக்கிழமை மறுதேர்வு, அதே அறை, வேறு ஆள். அதிலும் போனால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், வார்டு வேலையும் அவ்வளவுதான். எடுக்கட்டும். நான் செய்தது தப்பு என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். எனக்கு எந்தப் பயமும் இல்லை. கவுண்டருக்கு வேறு ஃபார்மசிஸ்ட் பார்த்துக்கொள். வியாழக்கிழமை வரை நீ போனும் செய்ய வேண்டாம், புத்திமதி சொல்ல வீட்டுப் பக்கம் வரவும் வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லோரும், உன் கடைக்கு வருகிறவர்களும் சேர்த்து, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வியாபாரம் படுத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பெயிலானாலும் பணியாத தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவள் கடிதத்தை மறுபடி வெளியே எடுத்து எழுதுகிறேன். பயமில்லை என்று மேலே எழுதியது பொய், அண்ணா. இன்ஹேலர் பாடத்தை எட்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழக எனக்கு ஒரு நோயாளி வேண்டும், இந்த வீட்டில் ஒருவரும் சிக்க மாட்டேன் என்கிறார்கள். இதை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கிளம்பி வா. ஆஸ்துமாக்காரன் மாதிரி நடி. உனக்கு நிஜமாக எங்கே என்ன வலித்தாலும் எட்டு நிமிடம் முடிகிறவரை வெளியே காட்டிக்கொள்ளாதே. முடிந்ததும் நானே கேட்பேன், அப்போது ஒன்று விடாமல் சொல்.