றிவேர்ஸ் இல்லாத மாப்பிள்ளை

யாழ்ப்பாணக் குடாநாடு எத்தனையோ பிடிவாதக்காரரைப் பார்த்திருக்கிறது. ஆனால் ஒரு அடிகூடப் பின்னுக்குப் போகாத மனிதர் என்றால், அது எங்கள் றிவேர்ஸ் மாஸ்ரர் ஒருவர்தான். மற்றவர்கள் வாயால் வீரம் பேசியவர்கள். இவருக்கு அந்தக் கியரே கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்த காலம். கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார், நான் சித்திர வாத்தியார். பெற்றோல் கண்ணில் காட்டவும் கிடைக்காத காலம் அது. கார் வைத்திருந்த பெரிய மனிதரெல்லாம் காரை மூடிக் கட்டிவிட்டுச் சைக்கிளுக்கு மாறினார்கள். எங்கள் மாஸ்ரர் சைக்கிளை விற்றுவிட்டுக் கார் வாங்கினார். அதுவும் என்ன கார்? இரண்டே சீற் உள்ள, கூரையில்லாத, அந்தக் காலத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்!

யாரோ ஒரு டொக்டர் வெளிநாடு போகும்போது விட்டுப் போனது. வீட்டு வளவைப் பார்த்துக்கொண்ட கிழவர் அதைக் கோழிக்கூடாக வைத்திருந்தார். நாங்கள் எடுக்கப் போன அன்று இடப்பக்கச் சீற்றில் ஒரு செங்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கோழியை எழுப்பேலாது மாஸ்ரர். இன்னும் பத்து நாளிலை பொரிச்சிடும்," என்றார் கிழவர்.

"எழுப்ப வேண்டாம் ஐயா. அதுவும் வரட்டும்," என்றார் இவர்.

மாட்டுவண்டியில் கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டு வந்தோம். மாஸ்ரர் ஸ்ரியறிங் பிடித்தார். பக்கத்துச் சீற்றில் கோழி. நான் பின்னால் நடை. ஊரே வேலிப் படலைகளைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்று சிரித்தது. அவர் எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டே வந்தார்.

பிறகு எட்டு மாதம் திருத்த வேலை. தரைத் தகடு உக்கிப் போயிருந்ததால் தார் பரல் தகரத்தை வெட்டி அடித்தார். சீற்றுக்குத் தென்னந்தும்பு. மழைக்குக் கோதுமை மா சாக்குத் தைத்த கூரை. சிவப்புப் பெயின்ற் எங்கேயும் கிடைக்கவில்லை. கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய காவியைக் கேட்டு வாங்கிப் பூசினார். அதற்குப் பிறகு காரைத் தூரத்தில் கண்ட கிழவிகள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கியர் பெட்டியைக் கழற்றியதுதான் வினையாய்ப் போயிற்று. மாஸ்ரர் தன் அம்மா வடகம் காயப்போடும் பாயில் ஒவ்வொரு உறுப்பாக வரிசைப்படுத்தி, நம்பர் எழுதி வைத்திருந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா! றிவேர்ஸைப் பிடித்து நிறுத்துவது கடலை அளவான ஓர் இரும்பு உருண்டை. அதைச் செங்கோழி கடலை என்றே நினைத்து விழுங்கிவிட்டது. என் கண்ணெதிரே!

மாஸ்ரர் மூன்று நாள் கையில் தடியோடு அந்தக் கோழியின் பின்னால் நடந்து எச்சத்தைக் கிளறினார். வெட்டிப் பார்ப்போமா என்று கேட்டதற்கு அம்மா பொங்கி எழுந்தார். "அட கோதாரி! ஒருநாள் தவறாமல் முட்டை இடுற கோழியை வெட்டுறதோ? உன்ரை கார் ஒரு முட்டை இடுமோ?" வேறு உருண்டை தேடினோம். சைக்கிள் உருண்டை சின்னதாயிருந்தது, தண்ணீர்ப் பம்ப் உருண்டை பெரிதாயிருந்தது. கொழும்பிலிருந்து வருவிக்க அந்த நாளில் வழியும் இல்லை. றிவேர்ஸ் இல்லாமலே கார் றோட்டில் இறங்கியது. எங்கள் ஊர் ஒருவரிடம் இல்லாததைப் பார்த்துத்தான் பட்டம் வைக்கும். றிவேர்ஸ் மாஸ்ரர் பிறந்தார்.

அதை ஓட்டுவது ஒரு பூசை. சேலைன் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலைக் காட்டி ஏமாற்றி ஸ்ராட் பண்ணவேண்டும், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அந்தப் புகையில் பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாது. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என்று இரண்டு படலை உள்ள வீடுகளுக்குத்தான் மாஸ்ரர் விருந்துக்குப் போவார். தவறி எங்கேயாவது முட்டிக்கொண்டால், நியூற்றலில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"இறங்கும் காணும், றிவேர்ஸ் கியர்!"

நான் இறங்கி முன்னால் நின்று தள்ளுவேன். ஆம், அந்தக் காரின் றிவேர்ஸ் கியர் நான்தான். அந்த நாளில் பிடித்த முதுகுவலி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

மாஸ்ரருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. மூன்று தங்கச்சிமாரைக் கரை சேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது தலைமயிர் பாதி போயிருந்தது. வந்த நாலு சம்பந்தமும் ஒரே இடத்தில் முறிந்தன. "முதலிலை உந்தக் காரை வித்துப்போட்டு வாங்கோ." அவர் விற்கமாட்டேன் என்றார். ஐந்தாவது நெல்லியடியில். பெண் சயன்ஸ் ரீச்சர், முப்பத்தைந்து வயது. அம்மா முதல் நாளே மினிபஸ்ஸில் புறப்பட்டார். போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இதுவும் தப்பினால் இனி ஒருத்தியும் வராள். உன்னை நம்பித்தான் போறன்," என்று அழுதார்.

மறுநாள் நாங்கள் இருவரும் காரில் புறப்பட்டோம். வழியில் நீரேரியோரத்து வல்லை வெளிக் காற்று மா சாக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்க் கடல்நீரில் போட்டது. அந்தக் குழப்பத்தில் என் சீற்றின் அடியிலிருந்து ஏதோ கொக்கரித்தது. செங்கோழி! முட்டையிட ஏறிப் படுத்திருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. பெண் பார்க்க மாப்பிள்ளை, தோழன், கோழி என்று மூன்று பேராகப் போய் இறங்கினோம்.

பெண் வீடு மறுபக்கம் வழியில்லாத ஒரு முட்டொழுங்கையின் கடைசியில். இரு பக்கமும் வேலி. கார் அதற்குள் அளவெடுத்துச் செய்ததுபோலப் போய் நின்றது. தேத்தண்ணீர் வந்தது, பயற்றம் பணியாரம் வந்தது, பெண்ணும் வந்தார். வந்தவர் நிலத்தைப் பார்க்கவில்லை, நேரே காரைப் பார்த்தார்.

"றிவேர்ஸ் இல்லையாம். பிறகேன் இந்த முட்டொழுங்கைக்குள்ளை விட்டனீங்கள்?"

"திரும்பிப் போற யோசினையோடை நான் வரேல்லை," என்றார் மாஸ்ரர்.

அந்த மனிதருக்குள் இப்படி ஒரு வசனம் இருந்தது எனக்கே தெரியாது! ரீச்சர் சிரித்துவிட்டார். அப்பாடா, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் இன்னொரு பணியாரத்தை எடுத்தேன்.

விடைபெற்று வெளியே வந்தோம். நான் வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய்த் தள்ளக் குனிந்தேன்.

"ஐயோ முருகா!" என்று அம்மா அலறினார். "பொம்பிளை பாக்க வந்த வாகனம் பின்பக்கமாப் போறதோ? இது உருப்படுமோ?"

பெண்ணின் தகப்பனாரும் முகம் கறுத்துப் போனார். "என்ரை வீட்டுப் படலையிலை இருந்து அப்பிடிப் போகேலாது. அப்பிடிப் போனால் இந்தக் கதை இதோடை சரி."

எட்டுப் பேர் சேர்ந்து தூக்கித் திருப்பவும் ஒழுங்கை அகலம் போதாது. பொழுதோ சாய்கிறது. இருட்டில் லைற் போட்டால் மேலே ஹெலிகொப்டரில் திரிகிறவன் கண்டு சுடுவான். அதற்கு முதல் வல்லை வெளியைத் தாண்டவேண்டும். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டில் படுப்பதைப் பற்றி நினைக்கவும் முடியாது. முன்னுக்குப் போக ஒரே வழி பக்கத்து வேலி. அதற்கு அப்பால் உள்ள வளவின் படலை பெரிய றோட்டில் திறக்கிறது.

"அப்ப அந்த வீட்டாரைக் கேட்பமே?" என்றேன் நான், ஒன்றும் அறியாமல்.

எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை! அது தகப்பனாரின் சொந்தத் தம்பியின் வளவாம். ஒரு சாண் காணிக்காகப் பதினொரு வருடமாகக் கதை பேச்சில்லை. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் ஒருவர் வேலிக்கு நட்ட கதியாலை நகர்த்திவிட்டார் என்று மற்றவர் குற்றஞ்சாட்டி, இருவரும் வழக்குக்குக் கோடு வரைக்கும் போனவர்கள். சாகும்வரை அந்த வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டுக்கூட விழாது என்று இருவரும் சத்தியம் செய்தவர்களாம். மாஸ்ரர் காரில் சாய்ந்துகொண்டு வியர்த்துக்கொண்டு நின்றார். போச்சு, ஐந்தாவதும் போச்சு என்று என் மனம் அடித்துக்கொண்டது.

ரீச்சர் குசினிக்குள் போனார். கொடுவாக்கத்தியோடு வந்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலிக் கட்டுகளை வெட்டத் தொடங்கினார். ஓலைக் கிடுகு சரிந்த சத்தத்துக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா ஓடி வந்தார். அவர் கையிலும் கத்தி. நான் காருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஆரடா வேலியை வெட்டுறது?"

"நான்தான் சித்தப்பா," என்றார் ரீச்சர், கத்தியை நிறுத்தாமலே. "என்ரை மாப்பிளை முன்னுக்குப் போகவேணும்."

கவனியுங்கள். அதுவரை அந்த வீட்டில் ஒருவரும் சம்மதம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சித்தப்பா பெறாமகளான ரீச்சரைப் பார்த்தார். காவி பூசிய காரைப் பார்த்தார். சீற்றில் இருந்த கோழியைப் பார்த்தார்.

"உப்பிடிச் சின்னனா வெட்டினால் மட்காட் கிழிஞ்சு போம்," என்றார் கடைசியில். பிறகு கத்தியை நிலத்தில் போட்டுவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பாமலே, "அண்ணை, உந்தக் கதியாலைப் பிடியுங்கோ. நான் இஞ்சாலை இருந்து இழுக்கிறன்," என்றார்.

தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டினார். போய்க் கதியாலைப் பிடித்தார். பிடித்தபின்தான் பேச்சு வந்தது.

"மெல்ல இழுடா. உனக்கு நாரிப் பிடிப்பு."

பதினொரு வருடமாகத் தம்பியின் இடுப்புவலியை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார் மனிதர்! நாலு கதியால் வந்தது. மாஸ்ரர் நாலு துளி பெற்றோலைக் காட்டி ஸ்ராட் செய்தார். கார் இருமிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, முன்னுக்கே போயிற்று. சித்தப்பா தன் ஆடுகளைக் கலைத்துக்கொண்டு முன்னால் ஓடிப் படலையைத் திறந்துவிட்டார்.

இருட்டுமுன் வல்லை வெளியைத் தாண்டிவிட்டோம்.

"காணும், அவ 'என்ரை மாப்பிளை' எண்டவ. கேட்டனீரோ?"

"கேட்டன் மாஸ்ரர்."

கால் மைல் போனது. "வடிவாக் கேட்டனீரோ?" கொக்குவில் வரும்வரை ஆறு தரம் கேட்டார். ஆறு தரமும் நான் அலுக்காமல் ஓம் என்றேன்.

தை மாதம் கலியாணம் நடந்தது. வேலியில் வெட்டிய இடத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு படலை போட்டார்கள். இரும்பு உருண்டை கடைசிவரை கோழிக்குள்ளேதான்.

கலியாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். பள்ளிக்கூட மதிலோடு கார் முட்டிக்கொண்டு நின்றது. நான் காற்சட்டையை மடித்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் ரீச்சர் இறங்கிச் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளத் தொடங்கிவிட்டார்.

"நீர் இரும் காணும். இனி உமக்கு லீவு," என்று மாஸ்ரர் சிரித்தார்.

நானும் போய் மற்றப் பக்கம் நின்று தள்ளினேன். ஓராள் தள்ளப் போதுமான கார்தான் அது. எனக்குத்தான் விட மனம் வரவில்லை.