சிங்கம் அமுக்கிய சிவப்புப் பட்டன்

ஒரு காட்டில், மரத்து உச்சிக்கு ஏறினால் மட்டும் நெட் கிடைக்கிற காட்டில், ஒரு சிங்கம் அரசாண்டு வந்தது. சிங்கத்துக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சிங்கம் பேசும் என்றால் தலையாட்டுவீர்கள், கம்ப்யூட்டர் என்றால் மட்டும் சந்தேகம் வந்துவிடும், அப்படித்தானே?

அந்தக் காட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. சிங்கம் கண்டபடி வேட்டைக்குக் கிளம்பக் கூடாது. பதிலுக்கு, பட்டியலில் யார் பெயர் வருகிறதோ அந்தப் பிராணி மறுநாள் விடிந்ததும் குகை வாசலில் வந்து நின்றுவிட வேண்டும். இதற்காகக் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலுக்குள் மூன்று ஷீட் போட்டு வைத்திருந்தார்கள். ‘குடிமக்கள்’ என்று ஒன்று. அதில் இருப்பவர்கள் தின்னப்படுவார்கள். ‘அரசவை’ என்று ஒன்று. அதில் இருப்பவர்கள் தின்பார்கள், அல்லது தின்கிறவருக்குப் பக்கத்தில் நின்று விசிறுவார்கள். மூன்றாவது ‘நாளைய விருந்து’. அதை நான் விளக்க வேண்டியதில்லை.

குடிமக்கள் ஷீட்டிலிருந்து ஒரு பெயரை எடுத்து விருந்து ஷீட்டில் ஒட்டுவது செங்கமலம் என்கிற தேவாங்கின் வேலை. அரசவை ஷீட்டில் கடைசி வரியில் ‘குமாஸ்தா செங்கமலம்’ என்று அவள் பெயரும் இருந்தது. அந்த வரி இருக்கிறவரை சிங்கத்தின் பல் அவள் மேல் படாது.

தேவாங்கு வேலை செய்கிற அழகை நீங்கள் பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள், ஏதாவது ஆபீஸுக்குப் போயிருப்பீர்கள். செங்கமலம் காலையில் வந்து கண்ணைத் துடைப்பாள். ஒரு பெயரைக் காப்பி பண்ணுவாள். அடுத்த ஷீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எதைக் காப்பி பண்ணினோம் என்பது மறந்துவிடும். திரும்பி வந்து பார்ப்பாள். அதற்குள் யாராவது ஒரு பிராணி இலையில் மடித்து நாலு சில்வண்டு கொண்டு வந்து மேஜையில் வைத்து, “மெதுவாப் பாருங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டுப் போகும். சில்வண்டைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் பொழுது போய்விடும். பல நாள் பட்டியல் வெளியாகாது. பட்டியல் இல்லாத நாளில் விருந்தும் இல்லை. காட்டில் குஞ்சு குளுவானோடு எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

சிங்கத்துக்குத்தான் விலா எலும்பு வெளியே வந்துவிட்டது. ஒருநாள் பசி தாங்காமல் மந்திரியான நரியைக் கூப்பிட்டது.

“என்னய்யா மந்திரி, நான் ராசாவா, இல்ல விரதம் இருக்கிற சாமியாரா?”

“எல்லாம் அந்தம்மாவோட வேகம்தான் ராசா” என்றது நரி. “ஒரு மேக்ரோ போட்டுட்டா தீர்ந்தது.”

“அது யாரு?”

“யாரும் இல்ல ராசா. ஒரு வேலையை எப்படிச் செய்யணும்னு கம்ப்யூட்டர் பாஷையில கோடு எழுதி வெச்சிட்டா, பட்டனை அமுக்கினதும் கம்ப்யூட்டரே செஞ்சிடும். இந்தக் கட்டத்துலேர்ந்து அந்தக் கட்டம் வரைக்கும் அள்ளு, விருந்து ஷீட்டுல கொட்டு, அள்ளின இடத்தைத் துடைச்சு விடு. அவ்வளவுதான். சில்வண்டும் கேக்காது, கொட்டாவியும் விடாது.”

சிங்கத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

நரி மந்திரிதான், ஆனால் கோடு எழுதத் தெரிந்த நரி இல்லை. மரத்து உச்சிக்கு ஏறி நெட்டில் தேடியது. எங்கோ ஒரு வெளிநாட்டு ஓநாய் தன் ஆட்டுக் கணக்குக்காக எழுதி வைத்திருந்த மேக்ரோ கிடைத்தது. அதை அப்படியே காப்பியடித்து, ஆடு என்று இருந்த இடத்தில் எல்லாம் விருந்து என்று மாற்றி, “நானே உட்கார்ந்து எழுதினேன்” என்று சொல்லிக்கொண்டது. எங்கே கொட்ட வேண்டும் என்பதற்கு விருந்து ஷீட்டின் பெயரை ஒழுங்காகக் கொடுத்தது. எந்த ஷீட்டிலிருந்து அள்ள வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த ஓநாயிடம் ஆட்டுக் கணக்கு ஒன்றுதான் இருந்ததோ என்னவோ, அதுவும் எழுதியிருக்கவில்லை. ஆக, பட்டனை அமுக்குகிற நேரத்தில் எந்த ஷீட் திறந்திருக்கிறதோ அதிலிருந்துதான் மேக்ரோ அள்ளும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நரி வைத்துக்கொள்ளவில்லை.

சிங்கம் கையை வைத்தால் கீபோர்டு மொத்தமும் அமுங்கிவிடும் என்பதால், கொட்டாங்குச்சி அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டனை நரி தனியாகப் பொருத்தியது. அதோடு விட்டதா? பட்டியல் தயாரான அடுத்த நொடியே காட்டில் உள்ள எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேருகிற மாதிரியும் பண்ணி வைத்தது. கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் கூடிப்போனால் இப்படித்தான்.

முதல் தடவை குடிமக்கள் ஷீட் திறந்திருந்தது. சிங்கம் பட்டனை அமுக்கியது. ஒரு பெயர் போக வேண்டிய இடத்தில் மேலே இருந்த ஒரு கூட்டமே விருந்து ஷீட்டுக்குப் போய் விழுந்தது. அந்த ஓநாய்க்குப் பசி அதிகம் போலிருக்கிறது, அது எழுதிய அளவு அப்படி.

மறுநாள் காலையில் குகை வாசலில் ஒப்பாரி. முள்ளம்பன்றி ஏகாம்பரம் முன்னால் வந்து கும்பிட்டது.

“ராசா, ஒரு நாளைக்கு ஒருத்தர்னுதானே பேச்சு? என் முறை வர்றதுக்கு இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க. வீட்டுல குட்டிங்க இப்பத்தான் கண்ணு திறந்திருக்கு.”

“சிஸ்டத்துல வந்தாச்சுப்பா” என்றது சிங்கம்.

“தப்பா வந்திருக்கு ராசா.”

“சிஸ்டத்துல வந்ததை நானே நினைச்சாலும் மாத்த முடியாது.”

சொன்னதும் சிங்கத்துக்கே அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போனது. கையொப்பம் வேண்டாம், காரணம் வேண்டாம், பழி பாவம் எல்லாம் பட்டனோடு போகிறது. ‘சிஸ்டத்தில் வந்ததை ராசாவே நினைத்தாலும் மாற்ற முடியாது’ என்று குகை வாசல் பாறையிலேயே வெட்டி வைக்கச் சொன்னது.

பட்டியலில் ஏகாம்பரத்துக்குக் கீழே ‘மொத்தம்’ என்று ஒரு பெயர் இருந்தது. அது கூட்டுத்தொகைக்காகச் செங்கமலம் தன் வசதிக்காக ஷீட்டின் மேல்பக்கத்திலேயே போட்டு வைத்திருந்த வரி. மேக்ரோவுக்கு அதெல்லாம் தெரியுமா, சேர்த்து அள்ளிவிட்டது. காவலுக்கு இருந்த செந்நாய் ‘மொத்தம்’ என்பவரைக் காடு முழுக்கத் தேடி அலுத்து, வழியில் தேன் நக்கிக்கொண்டிருந்த ஒரு கரடியை இழுத்து வந்தது.

“ஐயா, என் பேரு மொத்தம் இல்லைய்யா!” என்று அலறியது கரடி.

“இல்லைன்னு ஆதாரம் இருக்கா?” என்று கேட்டது செந்நாய்.

கரடியிடம் ஆதாரம் இல்லை. ஏகாம்பரத்தையும் சிங்கம் விடவில்லை. உதட்டில் முள் குத்தி ரத்தம் வந்தது, ஆனாலும் சிஸ்டத்தை மதித்துத் தின்று முடித்தது. ஏகாம்பரத்தின் மனைவி பேச்சியம்மாள் அந்தப் பாறையில் வெட்டியிருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அப்புறம் தினமும் பந்திதான். ஒரு மாலை, வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்த சிங்கத்திடம் நரி வந்து நின்றது.

“ராசா, பட்டன் வந்தாச்சு. இனிமே அந்தம்மா எதுக்கு?”

“அதானே” என்றது சிங்கம்.

செங்கமலத்தைக் கூப்பிட்டார்கள். அரசவை ஷீட்டில் இருக்கிற அவள் வரியை அவளே வெட்டி, குடிமக்கள் ஷீட்டில் எல்லோருக்கும் மேலே ஒட்டிவிட வேண்டும் என்றது நரி. மேலே என்றால் நாளைக்கே.

செங்கமலம் இரண்டு கையையும் கூப்பினாள். “ராசா, இந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துப் பாத்துத்தான் என் கண்ணு இவ்ளோ பெரிசாச்சு. ஒரு நாள் லீவு எடுத்ததில்ல. என்னைப் போய்...”

“சிஸ்டம் மாறிடுச்சும்மா” என்றது நரி. “யார் மேலயும் கோபம் இல்ல.”

“நானேவா என் பேரை அங்க ஒட்டணும்?”

“வேற யாருக்கு அந்த வேலை தெரியும்?” என்றது நரி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

செங்கமலம் உட்கார்ந்தாள். கண்ணீர் வந்துகொண்டே இருந்ததால் கட்டங்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. தன் வரியை வெட்டினாள். குடிமக்கள் ஷீட்டுக்குப் போனாள். பயத்தில் எதை வெட்டினோம் என்பது அன்றைக்கு மறக்கவே இல்லை, பாவம். எல்லோருக்கும் மேலே ஒட்டினாள். ‘குமாஸ்தா செங்கமலம்’ என்று அவள் பெயர் அங்கே முதலில் வந்து உட்கார்ந்தது.

“முடிஞ்சுதா?” என்று உறுமியது சிங்கம்.

“ஒரு நிமிஷம் ராசா.”

இத்தனை காலம் தன் பெயர் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. அரசவை ஷீட்டைத் திறந்தாள். முதலில் சிங்கத்தின் பெயர். அதற்குக் கீழே நரி. அதற்குக் கீழே செந்நாய். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாத கட்டம். அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்கிற வேகம் உங்களுக்குத் தெரியும்.

சிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. “சீ, நகரு அந்தப் பக்கம்!” என்று அவளைத் தள்ளிவிட்டுப் பட்டனுக்கு மேலே பாதத்தைத் தூக்கியது.

செங்கமலம் திரையைப் பார்த்தாள். திறந்திருப்பது அரசவை ஷீட். “ராசா, ஷீட்டு...” என்று ஆரம்பித்தாள்.

“வாயை மூடு!” என்று கர்ஜித்தது சிங்கம்.

அரச கட்டளை ஆயிற்றே. செங்கமலம் ஒரு கொட்டாவி விட்டு வாயை மூடிக்கொண்டாள்.

சிங்கம் அமுக்கியது. மேக்ரோ அள்ளியது, கொட்டியது, துடைத்தது. காடு முழுக்கப் போன்கள் சிணுங்கின. நாளைய விருந்து: சிங்கம், நரி, செந்நாய்.

நரி எட்டிப் பார்த்தது. அதன் வால் தொங்கிப்போனது. அரசவை ஷீட்டில் ஒரு பெயர் கூட இல்லை, மேக்ரோ சுத்தமாகத் துடைத்து விட்டிருந்தது.

“பழையபடி ஆக்குடா!” என்று கத்தியது சிங்கம்.

நரி கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்துச் சேர்த்து அமுக்கியது. ஒன்றும் நகரவில்லை. மேக்ரோ செய்த வேலையை அந்த வழியில் திருப்ப முடியாது என்பது அந்த வெளிநாட்டு ஓநாய்க்குத் தெரிந்திருக்கும், நரி அதுவரை படிக்கவில்லை.

“கையாலயாவது அழிச்சுத் தொலையேன்!”

“அழிக்கலாம் ராசா. எல்லாரு போனுலயும் போயிடுச்சே, அதை யாரு அழிக்கிறது?” என்று நரி அழாத குறையாகச் சொன்னது.

விடிந்தது. குகை வாசலில் காடே திரண்டிருந்தது. பேச்சியம்மாள் குட்டிகளோடு முன்வரிசையில் நின்றாள்.

“அது தப்பா வந்துடுச்சு” என்றது சிங்கம்.

“சிஸ்டத்துல வந்தாச்சுங்க ராசா” என்றாள் பேச்சியம்மாள்.

“நான் உங்க ராசா!”

“அரசவை ஷீட்டுல உங்க பேரு இல்லையே. ஆதாரம் ஏதாவது இருக்குங்களா?” என்று கேட்டுவிட்டு, பாறையில் வெட்டியிருந்ததைக் குட்டிகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். யானைகள் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தன.

சிங்கம் யோசித்தது. “சரி. பட்டியல்படியே நடக்கட்டும். ஆனா சாப்பிடுறவன் நான். வரிசையை எங்க ஆரம்பிக்கணும்னு பாறையில எழுதல.”

சொல்லிவிட்டு நரியில் ஆரம்பித்தது. “ராசா, நான்தானே மேக்ரோ போட்டுக் கொடுத்தேன்!” என்று நரி சொன்னதில் பாதி சிங்கத்தின் வாய்க்குள் கேட்டது. அடுத்து செந்நாய், ஆதாரம் எதுவும் காட்டாமலே உள்ளே போனது. அப்புறம் சிங்கம் உதட்டை நக்கிக்கொண்டு, “விருந்து முடிஞ்சது, எல்லாரும் கிளம்புங்க” என்றது.

யாரும் கிளம்பவில்லை. “முதல் பேரு பாக்கி இருக்குங்க” என்றாள் பேச்சியம்மாள்.

சிங்கம் சுற்றிலும் பார்த்தது. தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. யானைகள் இன்னும் ஓரடி வந்தன. வேறு வழியில்லாமல் வால் நுனியைக் கடித்துப் பார்த்தது. கடித்த வேகத்தில் ஐயோ என்று அலறிக்கொண்டு எடுத்த ஓட்டம், பக்கத்துக் காட்டு எல்லையில்தான் போய் நின்றது. அங்கே ஒரு புலி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தது.

“புதுசா வர்றீங்களா? பழைய காட்டுல எந்த ஷீட்டுல பேரு இருந்தது?” என்று கேட்டது புலி.

“நாளைய விருந்து” என்றது சிங்கம், மூச்சு வாங்கிய அவசரத்தில்.

“ரொம்ப நல்லதுங்க, உள்ள வாங்க” என்றது புலி.

இங்கே செங்கமலத்தை எல்லோரும் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். நேற்றே வேலை போனதால் உயிர் தப்பியவள் ஆயிற்றே. பேச்சியம்மாளே பக்கத்தில் நின்று, வெறுமையாகக் கிடந்த அரசவை ஷீட்டில் முதல் வரியில் செங்கமலத்தின் பெயரைப் போட வைத்தாள். இனிமேல் இந்தக் காட்டில் யாரும் யாரையும் தின்ன வேண்டாம் என்று பேசி முடித்து, சந்தோஷமாகக் கலைந்து போனார்கள்.

செங்கமலம் தனியாக உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் சிவப்புப் பட்டனைப் பார்த்தாள். அதைக் கழற்றி எறியத்தான் கையை நீட்டினாள். வயிறு லேசாகப் பசித்தது. யோசித்து யோசித்து ஒரு புது ஷீட் திறந்து, ‘பூச்சிகள்’ என்று பெயர் வைத்தாள். சில்வண்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். திறந்திருப்பது எந்த ஷீட் என்று நன்றாகப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். அப்புறம் அமுக்கினாள்.

மறுநாள் ஒரு கிழட்டுச் சில்வண்டு வாசலில் வந்து நின்று, “அம்மா, நேத்துதானே யாரும் யாரையும் தின்ன வேணாம்னு பேசினாங்க?” என்று கேட்டது.

“பேசினாங்கப்பா” என்றாள் செங்கமலம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா சிஸ்டத்துல வந்தாச்சே.”

நீதி: பட்டனை அமுக்கும் முன் எந்த ஷீட் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அமுக்குவது உங்கள் மேலதிகாரி என்றால், கொட்டாவி விடுங்கள்.