பதினோரு தடவை வந்தவன்

"இடமா, வலமா?" என்று கேட்டார் ஓபேலியா டீச்சர்.

வழிகாட்டி எஃப்ராயின் இரண்டு பாதைகளையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரிதான் மலையேறின. வில்காபட்டா இடிபாடுகளுக்குப் பதினோரு தடவை ஆட்களைக் கூட்டிப் போயிருப்பதாகச் சொல்லித்தான் குஸ்கோ நகரத்துக் கம்பெனி ஒன்றில் இந்த வேலையை வாங்கியிருந்தான். உண்மையில் ஒரு தடவைகூடப் போனதில்லை. இந்தப் பயணம் ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம். அதை நம்பி அடுத்த மாதம் கல்யாணம் வேறு.

"கோவேறு கழுதைங்க முதல்ல போகட்டும் டீச்சர். மலைக்குக் குடுக்கற மரியாதை."

மூட்டை சுமக்கும் மூன்று கழுதைகளுக்கும் பின்னால் சபினோ நின்றிருந்தார். கழுதைக்காரர். மலைக்காரர்கள் வெற்றிலை மாதிரி மெல்லும் கோகா இலை கன்னத்தில். காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. முன்கழுதை பலோமா யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பியது. அவர் அதன் பின்னால் நடந்தார்.

'மலையைக் கரைச்சுக் குடிச்ச மனுஷன்' என்று எஃப்ராயின் நிம்மதியாக மூச்சுவிட்டான். இனி அவரைப் பார்த்து நடந்தால் போதும்.

மதியம் பலோமா பாதையை விட்டு விலகி, பள்ளத்தில் ஒரு மணி நேரம் இறங்கியது. சபினோவும் இறங்கினார்.

"வரைபடத்துல இந்த வழியே இல்லையே!" என்றார் டீச்சர். அரெகிப்பா நகரத்துப் பள்ளியில் முப்பது வருடம் புவியியல் நடத்தியவர்.

"இது எங்க கம்பெனிக்கு மட்டும் தெரிஞ்ச வழி."

பள்ளத்தின் அடியில் ஒரு குடிசை. அதன் சொந்தக்காரி பார்லித் தட்டையை வெளியே போட்டாள். பலோமா பாய்ந்து தின்றது. பயணிகளுக்கு அவித்த உருளைக்கிழங்கு கிடைத்தது.

"இங்கதான் நம்ம மதியச் சாப்பாடு" என்று எஃப்ராயின் அறிவித்தான். அப்புறம் இறங்கிய பள்ளம் முழுவதையும் திரும்ப ஏற வேண்டியிருந்தது. தலைநகர் லிமாவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி தேனிலவில் முதல் சண்டையைப் போட்டார்கள்.

"கடலோரம் போலாம்னு சொன்னேன்ல?"

"நீ எப்போ சொன்ன?"

மறுநாள் கணவாயில் மூடுபனி இறங்கியது. முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியவில்லை. எஃப்ராயின் பயந்துபோய், கயிற்றின் ஒரு முனையைப் பலோமாவின் சேணத்தில் கட்டி, எல்லோரையும் பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

"எதுக்கு இது?"

"அந்தக் காலத்துல ராஜா பரிவாரம் இப்படித்தான் போகும் டீச்சர்."

டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். பலோமா ஓடையைக் கண்டு ஓடியது. ராஜ பரிவாரம் மொத்தமும் சேற்றில் விழுந்தது.

மூன்றாம் நாள் காலையில் பனி விலகியது. எதிரே மலை விளிம்பில், படிப்படியாகக் கல்லடுக்குகள். வில்காபட்டா! எஃப்ராயினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பதினோரு தடவை பார்த்தும் அழறீங்களே!" என்று டீச்சர் நெகிழ்ந்தார்.

அந்தத் துணிச்சலில் அவன் ஒரு கல்தொட்டியைக் காட்டி, "இது ராணி குளிச்ச இடம்" என்றான்.

அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த காவலாளி நிமிர்ந்தார். "போன வருஷம் சிமென்ட் குழைக்க நான் கட்டினது அது."

டீச்சர் நோட்டில் ஒரு வரியை அடித்தார். அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். "போகட்டும், எங்களைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்துட்டீங்க. நல்ல வழிகாட்டின்னுதான் கம்பெனிக்கு எழுதப்போறேன்."

எஃப்ராயினுக்கு மனசு உறுத்தியது. நேரே சபினோவிடம் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியவரே, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். எனக்கு இங்க ஒரு கல்லுகூடத் தெரியாது. மூணு நாளும் உங்களைப் பார்த்துத்தான் நடந்தேன். நீங்க இல்லேன்னா எல்லாரும் எங்கயாவது பள்ளத்துல கிடந்திருப்போம்."

சபினோ வாயிலிருந்த கோகாவைத் துப்பினார். மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினார்.

"ஐயையோ தம்பி, நானும் இந்தப் பக்கம் வந்ததே இல்ல! கழுதைங்க என் மச்சானோடது. 'முன்னாடி போகுமே, அதுக்கு எல்லா வழியும் தெரியும், நீ வாயத் திறக்காம பின்னாடி போ'ன்னான். வழிகாட்டியப் போயி 'அது'ன்னு மரியாதை இல்லாம பேசறியேடான்னு அவனைத் திட்டிட்டுல்ல வந்தேன்!"