மேட்டில் உறுமாத கார்

கார் சத்தமே போடவில்லை. இட்வாலின் துக்கம் அதுதான்.

அப்பா விற்றுவிட்ட அந்தப் பழைய காரை வேல்ஸ் முழுக்க அலைந்து மீட்டிருந்தான். எஞ்சினில் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கில் உருளைகள் தேய்ந்து, அம்மைத் தழும்பாகப் பொரிந்துபோயிருந்தன. எண்ணெயெல்லாம் இரும்புத்தூள். புது உருளைகள் போட்டான். எஞ்சின் வெண்ணெயாக ஓடியது.

"இதுக்குத்தான் ஊர்ல அவனவன் தவம் கிடக்கிறான். உனக்கு என்னய்யா கேடு?" என்றாள் மனைவி நெஸ்ட்.

"சின்ன வயசுல மலை ஏறும்போது 'ம்ம்ம்'னு உறுமும், நெஸ்ட். அந்த உறுமல் இல்லாம அப்பா கார்னு எப்படிச் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் மலையேறும் விழா. அப்பா ஏறிய அதே மலை. அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்காவிட்டால் இட்வாலுக்கு நெஞ்சு ஆறாது.

தேய்மானத்தில்தான் உறுமல் இருக்கிறது என்று முடிவு கட்டினான். சமையல் மேசையில் கிராங்கைப் பிரித்து, பாதி பழைய உருளைகளைத் திரும்பப் போட்டான். மெலிந்த பழையவை சும்மா உருள, பாரமெல்லாம் புதியவற்றின் தலையில் விழுந்தது. கார் கடகடத்தது. பக்கத்து வயல் ஆடுகள் வேலி தாண்டின.

"உறுமுதா?" என்றாள் நெஸ்ட், கேக் மாவிலிருந்து ஒரு உருளையைப் பொறுக்கியபடி.

"இன்னும் இல்ல."

எல்லாவற்றையும் பழையதாக மாற்றினான். ஊளையிட்டது. கெட்டி எண்ணெய் ஊற்றினான். ஊளையோடு புகையும் வந்தது.

"மனுஷன் பேரிங்கை ரிப்பேர் பண்ணுவான். நீ ஒருத்தன்தான் ரிப்பேரை ரிப்பேர் பண்றே!"

ஞாயிறன்று அப்பாவின் தங்கை ஓல்வென் அத்தை, தொப்பி சகிதம் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அந்தக் காலத்தில் இதே காரில் அண்ணனோடு போனவள். இரண்டாவது வளைவில் 'டமார்' என்றது. உருளை நொறுங்கி, எஞ்சின் இறுகி நின்றது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

இட்வால் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தேம்பினான். "எவ்வளவோ பண்ணிப் பார்த்துட்டேன் அத்தை, அப்பா காலத்து உறுமல் மட்டும் வரவே மாட்டேங்குது."

அத்தை அவன் முதுகைத் தடவினாள்.

"கார் எங்கடா உறுமிச்சு? மேட்டைக் கண்டா உங்கப்பனுக்கு உதறல் எடுக்கும். உனக்குத் தெரியக்கூடாதுன்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டு, உச்சி வர்ற வரைக்கும் அடித்தொண்டையில சாமி பாட்டு பாடிக்கிட்டே வருவான்!"