தந்தரட்சைப் பெட்டி

சிக்குன்குனியா வந்து ஊரையே நொண்ட வைத்துவிட்டுப் போன அடுத்த ஆண்டு, மேற்குத் தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் அப்படி ஒரு கூட்டம். பல்லாவரம் சந்தை தோற்றுவிடும். பீர்க்கன்கரணையிலிருந்துகூட வந்திருந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள். ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு டூத் பிரஷ்.

சாமிக்குத் தேங்காய் கொண்டு போவார்கள். பல் தேய்க்கிற பிரஷைப் பூஜைக்குக் கொண்டு வந்த பெருமை எங்கள் பகுதிக்கே.

பூஜை செய்தவர் ‘தந்த வாஸ்து திலகம்’ பட்டாபிராமன். பிரஷில் கிருமி சேர்வது தோஷத்தால்தான் என்று கண்டுபிடித்தவர். ஐந்து வருடம் படித்த பல் டாக்டர்களுக்கு இது தெரியவில்லை, பாவம். பரிகாரம் அவர் விற்கும் தந்தரட்சைப் பெட்டி, அதாவது பல்லைக் காக்கும் பெட்டி. உள்ளே மந்திரித்த பஞ்சு. தினமும் பல் தேய்த்ததும் பிரஷை உதறாமல், ஈரம் சொட்டச் சொட்ட வைத்துக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். பதினைந்து நாள் கழித்து, அடுத்த பூஜையில் அவர் முன்னால் திறந்தால் பஞ்சு கருத்திருக்கும். கிருமி பஞ்சுக்குப் போய்விட்டதாம். கன்னத்தில் போட்டுக்கொண்டு புதுப் பஞ்சு வாங்கிப் போவார்கள்.

இரண்டாவது மாடி ஞானாம்பாள் கணக்கு டீச்சர். ஈறில் ரத்தம் வருகிறது என்று பல் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார்.

“மாத்திரை போட்டா தோஷம் உள்ளயே அடைஞ்சுடும்மா. நிறுத்திடுங்கோ” என்றார் திலகம்.

நிறுத்தினார். இரண்டே நாளில் கன்னம் லேசாக வீங்கியது.

அந்த வீட்டுக் குளியலறை கழுவ வரும் மாரி, பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு முகம் சுளித்தாள்.

“இன்னா டீச்சரம்மா, இந்த நாத்தம் நாறுது. இத்தப் போயி வாயில வைக்கிறீங்களா?”

“தோஷம் வெளில வர்றது மாரி. அப்படித்தான் இருக்குமாம்.”

“ஈரத்துணிய மூடி வெச்சாக்கூடத்தான் கருப்பா பூசணம் பூக்குது. இந்த பில்டிங்ல பதினாலு வூடு கழுவுறேன். பியூலாக்கா வூட்ல மட்டுந்தான் பிரஷ்ஷ அலசி, ஒதறி, ஜன்னலாண்ட டம்ளர்ல நிக்க வெக்கிறாங்க. அது ஒண்ணுதான் நாறாம கீது.”

கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. நாவலூரில் வேலை பார்க்கும் மகள் சின்மயிக்கு வாங்கி, அவள் தொடமாட்டேன் என்ற பெட்டி ஒன்று சும்மா கிடந்தது.

“நீயே வெச்சுப் பாரு. அப்பத் தெரியும் சக்தி” என்று கொடுத்துவிட்டார்.

அடுத்த பூஜையன்று ஞானாம்பாளுக்குக் காய்ச்சல் கொதித்தது. வாயைத் திறக்க முடியவில்லை. கணவர் சூர்யநாராயணன் கைத்தாங்கலாக அழைத்து வந்து வரிசையில் நிறுத்தினார். டாக்டரிடம் அல்ல, வரிசையில். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர்களுக்கு முன்னால் நின்ற மாரி பெட்டியை நீட்டினாள். திலகம் திறந்தார். பஞ்சு கரேலென்றிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

“மூணு தலைமுறை சாபம் இருக்கு. பொய் சொல்லியே பொழைச்ச வாய் இது. உன் புருஷனோட பிரஷ்ஷா?”

“யாரோடதும் இல்ல சார். கடையில புச்சா வாங்குனது. வெறும் கொழாத் தண்ணில நனைச்சு மூடி வெச்சேன். எந்த வாயிலயும் போவல.”

திலகம் லேசுப்பட்டவரா?

“அப்போ கடைக்காரனோட தோஷம்.”

மாரி இடுப்பிலிருந்து இன்னொரு பிரஷை எடுத்தாள்.

“அதே கடைல அன்னிக்கே வாங்குனது. இதுல தெனம் நான் பல்லு வெளக்கி, ஒதறி, டம்ளர்ல வெச்சேன். எல்லாரும் மோந்து பாருங்க. வாயில போன பிரஷ்ஷு நாறல, போவாத பிரஷ்ஷு நாறுது.”

முகர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரி பெட்டியிலிருந்த பிரஷைத் திலகத்திடம் நீட்டினாள்.

“கிருமி பூரா பஞ்சுக்குப் பூடுச்சுல்ல? எச்சிகூடப் படாத பிரஷ்ஷு. ஒரு தபா பல்லு வெளக்கிக் காட்டுங்க சார்.”

ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொன்னவர் பின்னால் நகர்ந்தார்.

“எனக்கு இன்னிக்கு மௌன விரதம்” என்று வாயைத் திறந்து சொன்னார்.

அவ்வளவுதான். சூர்யநாராயணன் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினார். சீழ் எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உயிருக்கே வினையாகியிருக்கும் என்றார் டாக்டர்.

கார் நிறுத்துமிடத்தில் திலகம் போன திசை தெரியவில்லை. கூட்டம் மட்டும் கலையவில்லை. மாரியைச் சூழ்ந்துகொண்டது. ஓர் ஆபீசர் பயபக்தியோடு கேட்டார்: “அந்த டம்ளர் எங்க வாங்கினீங்கம்மா? மந்திரிச்சதா?”

மாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பிரஷ்ஷ டம்ளர்ல வைங்க சார். தலையத்தான் கொஞ்சம் தொறந்து வைக்கணும். ரொம்ப நாளா மூடியே கீது போல.”