வீராவைப் பின்சீட்டில் உட்கார வைத்த விவரம்

அன்பு மச்சான் வரதனுக்கு,

கோவில்பதாகையிலிருந்து உன் அக்காள் புருஷன் கஜபதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் ராணியும் உன் நாய் வீராவும் மூன்று வேளையும் தின்றுகொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே திருச்சியில் நீயும் தங்கச்சி ஜெயப்பிரியாவும் என் மருமகள் தீபிகாவும் அதேபோல் இருக்க வேண்டும் என்று எல்லா சாமியையும் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் சொன்னால் ரெண்டாவது வார்த்தையிலேயே குறுக்கே வந்து விழுவாய். காகிதத்தில் அது முடியாது. ஐந்தாவது படித்தவன் எழுத்து, அதனால் ஒற்று கிற்று தேடாமல் விஷயத்தை மட்டும் படி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீராவைக் காரில் கட்டி உட்கார வைக்க நீ கூரியரில் அனுப்பினாயே ஒரு கறுப்பு பெல்ட், அதை ஒரு வாரம் நான்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். என் இடுப்பு வலியைப் பற்றி உன் அக்காள் உன்னிடம் போனில் புலம்பியது எனக்குத் தெரியும். நாலாம் நாள் பார்சல் வந்தது. பிரித்தால் பஞ்சு வைத்த பெல்ட், கை விட ரெண்டு ஓட்டை, முதுகில் ஒரு வளையம். மச்சானுக்கு நம்மேல் இவ்வளவு பாசமா என்று கண் கலங்கிப்போய், வாரைக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டு சட்டைக்கு உள்ளே மாட்டிக்கொண்டேன். முதுகு வளையம் எதற்கு என்று மட்டும் புரியவில்லை. பிறகு நீ போன் செய்து, "பெல்ட்டு சரியா கீதா மாமா, இறுக்கலயே?" என்று கேட்டாய். "சோக்கா கீது மச்சான், நைட்டுகூட கழட்டறதில்ல" என்றேன். "ஐயோ, நைட்டு கழட்டிடணும் மாமா, முடி கொட்டிடும்" என்றாய். அப்போதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனாலும் சொல்கிறேன், இடுப்பு வலி இப்போது தேவலாம்.

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு, வீராவைத் திருச்சிக்குக் கொண்டுவர என் காரை நம்பாமல் நீ நாய் ஏற்றுகிற வண்டி ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி வைத்திருப்பதாக ராணி சொன்னாள். எனக்கு மனசு விட்டுப்போனது. இருபத்திரண்டு வருஷம் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவன் நான். எத்தனை பிரசவக் கேஸை ஏற்றியிருக்கிறேன், எத்தனை பானையை உடையாமல் இறக்கியிருக்கிறேன். ஒரு நாயைப் பின்சீட்டில் வைத்து ஓட்ட மாட்டேனா? அதுவும் நீங்கள் திருச்சிக்கு மாற்றலாகி ஃபாக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்றைக்கு தீபிகா வீராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, நீங்களே கொண்டாந்து உடணும், வேற யார்கிட்டயும் தரக்கூடாது" என்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தப் புள்ளை புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்க்கிறது என்றால் யாரைப் பார்க்கிறது? அதனால்தான் உனக்கு நம்பிக்கை வரட்டும் என்று இன்றைக்கு, புதன்கிழமை, வீராவை ஏற்றிக்கொண்டு குத்தம்பாக்கம் புது பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்ப ஒரு ஒத்திகை வைத்தேன். அந்த விவரத்தை முழுசாகப் படித்துவிட்டு, வண்டிக்காரனை வேண்டாம் என்று சொல்லிவிடு.

நீ ராணியின் போனுக்கு அனுப்பிய குறிப்பையெல்லாம் அவளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நாய் பின்சீட்டில்தான் இருக்கணும், பெல்ட்டின் வாரை சீட் கொக்கியில் மாட்டணும், ஜன்னலை ரெண்டு விரலுக்கு மேல் திறக்கக்கூடாது, கிளம்பும் முன் சோறு போடக்கூடாது, இறக்கும்போது முதலில் கையில் கயிறு, அப்புறம்தான் கதவு. மச்சான், தீபிகா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து, பின்னால் தங்கச்சியையும் தண்ணிக் கேனையும் வைத்து அம்பத்தூர் வரைக்கும் போனவன் நீ. இப்போது நாய்க்குச் சட்டம் எழுதுகிறாய். இருந்தாலும் எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். பெல்ட்டை மட்டும் நான் போட்டிருந்த அளவிலேயே மாட்டிவிட்டேன். வளர்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை பெரிசாகத்தானே எடுப்போம்.

கிளம்பினோம். வீரா முதலில் முன்பக்கம் பார்த்தது, பிறகு பின்பக்கம் பார்த்தது, பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குலைத்தது. ஆவடி பஸ் நிலையம் வரைக்கும் அது பாட்டுக்குக் குலைக்க, நான் பாட்டுக்கு ஓட்டினேன். அங்கேதான் ஒரு சின்ன தப்பு. ஆட்டோவை விற்றுவிட்டு இந்தப் பழைய காரை வாங்கி ஏழு மாசம்தான் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். பஸ் நிலையத்து ஓரத்தில் கும்பலைப் பார்த்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது, தலை தானாக வெளியே நீண்டுவிட்டது, வாய் தானாக "பூந்தமல்லி, பூந்தமல்லி, பூந்தமல்லி" என்றுவிட்டது. சுதாரிப்பதற்குள் பின்கதவைத் திறந்து ஒரு அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். பார்த்தால் நம்ம மங்களம் அக்கா. கருவாடு வியாபாரம், என் ஆட்டோவில் பத்து வருஷமாக வந்தவள். மடியில் கருவாட்டுப் பை.

"இன்னா நைனா, ஆட்டோவ வித்துட்டு காரு எடுத்துகினியா? சொல்லவேயில்ல" என்றாள்.

"அக்கா, இது சவாரி இல்ல. பின்னாடி நாய் கீது பாரு."

"இருக்கட்டுமே. உன் ஆட்டோல நான் பாக்காத ஜென்மமா? இதாவது தூங்கி என் மேல விழாது. நீ ஓட்டு."

இறங்கு என்று எப்படிச் சொல்வது? ஓட்டினேன். வீரா குலைப்பதை நிறுத்திவிட்டு கருவாட்டுப் பையையே பார்த்துக்கொண்டு வந்தது. பருத்திப்பட்டு தாண்டினால் சிக்னலில் போலீஸ்காரர் நிற்கிறார். மங்களம் அக்கா பதறிப்போய், "யோவ், பின்னாடி குந்தினாலும் பெல்ட்டு போடணுமாமே" என்று தேடினாள். அவள் பக்கத்துக் கொக்கி சீட்டுக்கு அடியில் போய் ரொம்ப நாளாகிறது. உடனே வீராவின் வாரைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, அது நாயோட கொக்கி" என்றேன்.

"போலீசு என்னப் புடிப்பாரா, நாயப் புடிப்பாரா?"

நியாயமான கேள்வி மச்சான். உன் குறிப்பில் அது இல்லை. யோசித்துக்கொண்டே ஓட்டியதில் பூந்தமல்லி வந்துவிட்டது, கூடவே மழையும் வந்துவிட்டது. மங்களம் அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கதவை அகலத் திறந்து இறங்கினாள். கையில் கயிறு, அப்புறம் கதவு என்று எழுதினாயே, அது அவளுக்கு எப்படித் தெரியும்? கருவாடு முன்னால் போக, வீரா பின்னால் போனது. பெல்ட் மட்டும் சீட்டில் கிடந்தது. அளவு பெரிசு இல்லையா, சட்டையைக் கழற்றுவதுபோலக் கழற்றிவிட்டது.

பயப்படாதே, மேலே படி. மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டு மழையில் ஓடினேன். கண்ணாடி போட்டாலும் மழையில் தெரியாது, போடாவிட்டாலும் தெரியாது. "வீரா, வீரா" என்று கத்திக்கொண்டு மார்க்கெட் ஓரமெல்லாம் தேடினேன். தீபிகா அடித்த உள்ளங்கை அப்படியே எரிந்தது. அரைமணி நேரம் கழித்து, கரும்பு ஜூஸ் வண்டிக்கு அடியில் மூட்டைபோலச் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சேறு. "வீரா" என்றேன். அந்தப் பெயரை முதல்முறை கேட்பதுபோல என்னைப் பார்த்தது. மனசு உடைந்திருக்கும், பாவம். தூக்கினால் நல்ல கனம். மழையில் நனைந்தால் கம்பளிகூடத்தானே கனக்கும். கொண்டுவந்து சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டேன். நீ நம்ப மாட்டாய், காலையில் தொளதொளவென்று இருந்த பெல்ட் இப்போது கச்சிதமாகப் பிடித்தது. பயத்தில் காற்றைக் குடித்து வயிறு உப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். இடுப்பில் அதுவும் நானும் ஒரே அளவு.

அதற்கு மேல் குத்தம்பாக்கம் போகவில்லை, அங்கிருந்தே திரும்பிவிட்டேன். ஆனால் திரும்பி வந்த அழகைச் சொல்கிறேன் கேள். ஒரு குலைப்பு இல்லை. ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சீட்டைக் காலால் பறித்துப் பறித்து இடம் பண்ணிக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே வந்தது. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தது. நானும் மெதுவாக ஓட்டினேன். ஓட்டுகிற கை பக்குவமாக இருந்தால் நாய் தானாக அடங்கும் மச்சான், இதற்குக் குறிப்பெல்லாம் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் காரை விட்டு இறங்க மனசில்லை அதற்கு. அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. ஒரு பழைய போர்வையைப் போட்டு, நாலு கதவையும் திறந்து வைத்து, ஷெட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ராணி மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். வந்து பார்த்தால் அசந்துபோவாள்.

ஆகையால் வண்டிக்காரனிடம் கடிதம் பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம். தங்கச்சிக்கு என் அன்பு. தீபிகாவை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகச் சொல், மாமா சத்தியம் தவறமாட்டார் என்று சொல். பிள்ளைக்கும் உங்களுக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் கிடைக்க எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
க. கஜபதி

பி.கு.: கவரில் போட்டு ஒட்டப்போகும்போது வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தது ஜெபா, என்னோடு ஸ்டாண்டில் இருந்தவன். பின்னால் நாலு பொம்பளைகளுக்கு நடுவில் வீரா உட்கார்ந்திருந்தது.

"அண்ணாத்தே, உன் மச்சான் ஊட்டு நாயி. மங்களம் அக்கா பின்னாடியே சுத்திகினு இருந்துச்சாம், ஏத்தி உட்டாங்க" என்றான்.

"பெல்ட்டு இல்லாமயா இட்டுகினு வந்தே?" என்று கேட்டேன்.

"குந்துன்னு சொன்னேன். குந்திகிச்சி. வழி பூரா சத்தமே இல்ல."

வீரா இறங்கி என் காலை நக்கிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அப்படியென்றால் காரில் இருப்பது யார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கூட்டம் முடிந்து வந்த ராணி ஷெட்டிலிருந்து கூப்பிட்டாள்: "யோவ், இங்க வா. யாரு ஊட்டு நாய தூக்கினு வந்தே? பொட்ட நாயி, அதுவும் புள்ளத்தாச்சி. இதுக்கு எவன்யா பெல்ட்டு மாட்டனது?"

ஆகையால் மேலே எழுதியதில் ஆசி மட்டும் செல்லும். வண்டிக்காரனை வேண்டாம் என்று சொல்லாதே. சொல்லியிருந்தால் மறுபடி கூப்பிடு. அவன் வண்டியில் வீராவோடு நானும் ஏறி வருகிறேன், தீபிகாவுக்குக் கொடுத்த சத்தியத்துக்கு அது போதும் என்று நினைக்கிறேன். எனக்கும் ஒரு இடம் வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிடு. நம் கார் ஞாயிற்றுக்கிழமை வராது. பின்சீட்டில் இதுவரை மூன்று குட்டிகள். இன்னும் முடியவில்லை என்று ராணி சொல்கிறாள்.